அண்ணாச்சி போட்ட வட்டம்

தூத்துக்குடியில் சூசை என்று கார்களுக்குத் தகர வேலை பார்க்கும் ஒரு டிங்கர் இருந்தார். அவருடைய பட்டறை இருந்த இடம் உப்பள முதலாளி தங்கமாரி அண்ணாச்சிக்குச் சொந்தம். ஒருநாள் அண்ணாச்சி தன் அப்பா வாங்கிய பழைய காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். கடல் காற்றில் கதவின் அடிப்பக்கமெல்லாம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"துரு போகணும், பெயிண்ட் புதுசா மின்னணும். ஆனா எங்கப்பா கார்ல ஒரு ஓட்டை விழக்கூடாது. விழுந்துச்சு, மறுநாளே இடத்தைக் காலி பண்ணிரணும், கேட்டியால?"

துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்தால், மூணே மாசத்தில் மறுபடி கொப்புளம் வரும். வெட்டினாலோ பட்டறை போகும். சூசை தலையைச் சொறிந்தார்.

"சரி அண்ணாச்சி. நல்ல தகரம் எதுன்னு நீங்களே வட்டம் போட்டுக் காட்டிருங்க. அதுல நான் கைவைக்கவே மாட்டேன்."

"அப்பிடிக் கேளு!" அண்ணாச்சி, சூசை நீட்டிய சாக்பீஸை வாங்கிக் கதவின் அடியில் அழுத்தி இழுத்தார். "இந்தா, இது பூரா கெட்டித் தகரம், இது..."

பொதுக்கென்று சாக்பீஸ் உள்ளே போனது. பின்னாலேயே விரலும் போனது. துரு பொலபொலவென்று காலடியில் கொட்டியது. அண்ணாச்சியோடு வந்திருந்த டிரைவர் இசக்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

சூசை மெதுவாகக் கேட்டார்: "ஓட்டை விழுந்துட்டே அண்ணாச்சி. இப்ப யாரு காலி பண்ணணும்?"

அண்ணாச்சி விரலை உருவி வேட்டியில் துடைத்தார். இன்னொரு கொப்புளத்தைத் தானே அமுக்கிப் பார்த்தார். அதுவும் உள்ளே போனது.

"ஏல இசக்கி, என்ன இளிப்பு?" என்றவர் சூசையிடம் திரும்பினார். "வெட்டுல. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டு."