கூதலி திரை விலக்கிய கதை

மேகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் வானத்தில் பொட்டு வெளிச்சம் கிடையாது. எங்கும் குளிர்ந்த மூடுபனி. அதற்குள் வாயு மேகங்கள் தனித்தனியே குடியிருந்தன. குளிரில் இறுகி இறுகித்தான் மேகத்தின் வயிற்றில் விண்மீன் பிறக்கும். வெளிச்சம் சுடும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

கூதலி சின்ன மேகம். அவள் வயிற்றில் ஏராளமான கருக்கள் இறுகிக்கொண்டிருந்தன. பனித்திரைக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா பேரணி, பெரிய உடம்புக்காரி. அவளுக்குத்தான் முதலில் விண்மீன்கள் பிறந்தன.

"என்னடி கூதலி, எட்டிப் பார்க்க மனசு வரலையா? வயித்தெரிச்சலா?"

"போக்கா. எனக்கும்தான் பிறக்கப் போகுது. அப்ப நீ வந்து பாரு."

"இத்துனூண்டு உடம்பை வெச்சுக்கிட்டு பேச்சைப் பாரு."

சுருக்கென்று தைத்தது. கூதலி திரையை விலக்கினாள்.

நீல வெளிச்சம் பாய்ந்தது. அழகாகத்தான் இருந்தது. அடுத்த கணம் உடம்பு கொதித்தது. திரையை இழுக்கப் போனாள். இழுக்கப் பனியே இல்லை, கரைந்துவிட்டிருந்தது. வயிற்றில் இறுகியிருந்தவை ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன.

"அக்கா, அணைச்சிடு! என் பிள்ளைங்க கரையுது!"

"எப்படிடி அணைப்பேன்? அணைச்சா என்னுதுங்க செத்துப்போகும்." பேரணி தன் பிள்ளைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எனக்கு உடம்பு கனம், சூடு உள்ளே இறங்கலை. நீ எதையாவது போட்டு மூடிக்கோ."

மூடிக்கொள்ளத் தன் உடம்பைத் தவிர வேறில்லை. எல்லாக் கருவுக்கும் அது போதாது. நடுவயிற்றில் மட்டும் கொஞ்சம் குளிர் மிச்சமிருந்தது. அங்கே கைப்பிடிக் கருக்கள். கூதலி மற்றவற்றிலிருந்து கையை எடுத்தாள். உடம்பு முழுவதையும் சுருட்டி அந்தக் கைப்பிடியின்மேல் போர்த்தினாள். போர்வை வெளியிலிருந்து கொதித்து, சுற்றுச் சுற்றாகப் பிரிந்து பறந்தது. கடைசிச் சுற்று அவிழும் முன் உள்ளே ஒரு பொறி தட்டியது. பிறகு இன்னொன்று.

"பிறந்துடுச்சாடி?"

"பிறந்துடுச்சு. இனிமே பிறக்காது."

பேரணி தன் ஓரத்தில் இடம் ஒதுக்கினாள். "என் பக்கத்துலயே வந்து இருந்துக்கோடி."

"வர்றேன். எட்டிப் பார்க்க மட்டும் கூப்பிடாதே."

அன்று முதல்தான் பேரணியைப் போன்ற பெரிய விண்மீன் மண்டலங்களில் பிறப்பு ஓயாமல் நடக்க, அவற்றின் ஓரமாகச் சுற்றும் கூதலியைப் போன்ற குட்டி மண்டலங்களில் மங்கலான கிழ விண்மீன்கள் கைப்பிடி மட்டும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின் அங்கே தொட்டில் ஆடியதில்லை.