கவிழ்ந்த கை

பவானிக் கரையிலிருந்த அந்த மடத்தில், குழம்பு வாளியைச் சமையற்கட்டிலிருந்து பந்திக்குச் சுமப்பவர் செங்கோடன். குரு சிவகாமி அம்மையை விட வயதில் மூத்த சீடர். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. வாளியை வேறு யாராவது தொட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஒரு விபத்துக்குப் பிறகு அவருடைய வலது கை திரும்பாது. உள்ளங்கை எப்போதும் தரையைத்தான் பார்க்கும். அதனால் யாரிடமும் எதையும் வாங்கமாட்டார். இடது கையால் வாங்குவது மரியாதையா என்ன? பந்தியிலும் உட்காரமாட்டார். வீட்டுக்குப் போய்க் கரண்டியால் சாப்பிடுவார்.

கடலை விற்கும் மாராத்தாள் தினமும் மடத்தில்தான் சாப்பிடுவாள். போகும்போது ஒரு பிடி அவித்த கடலையை அவரிடம் நீட்டுவாள்.

"எனக்கெதுக்கு தாயி? அந்தச் சன்னல்ல வெய்யி" என்பார்.

அணில்களுக்குக் கொண்டாட்டம்.

ஒருநாள் செங்கோடன் வாடிய முகத்தோடு குருவிடம் வந்தார்.

"மணிக்கட்டுக்கிட்ட மூட்டு தேஞ்சு போச்சுங்களாம் அம்மா. வலி தாங்கலீங்க. ஆபரேஷன் பண்ணி உலோக மூட்டு வெச்சா வலி போயிருமாம். கையும் திரும்புமாம்."

"நல்ல சேதிதானுங்களே."

"ஆனா ஆயுசுக்கும் பாரம் தூக்கக்கூடாதுங்கறாரு டாக்டரு. வாளி தூக்காத கை எனக்கெதுக்குங்க? குடுக்கறதுக்கு ஒண்ணுமில்லாம நான் எந்த மூஞ்சியோட மடத்துக்கு வருவனுங்க?"

குரு எழுந்துபோய்ச் சன்னலில் கிடந்த கடலையை அள்ளி வந்தார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். குரு கடலையைப் போட்டார். புறங்கையில் பட்டு நாலாபக்கமும் சிதறியது.

"கீழ விழுந்துருச்சுங்க அம்மா."

"ஆமாங்க. டாக்டரு என்னைக்கு வரச் சொன்னாரு?"

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி. கை லேசில் மசியவில்லை. செங்கோடன் அதைத் திட்டிக்கொண்டே திருப்பிப் பழகினார். மழைக்காலம் முடிவதற்குள் உள்ளங்கை வானத்தைப் பார்த்துவிட்டது.

மடத்துக்கு வந்தபோது அவருடைய வாளி இன்னொருவர் கையில் இருந்தது. செங்கோடன் வாசலிலேயே நின்றுவிட்டார். குரு அவரைப் பந்தியில் உட்காரவைத்தார். வெகுகாலத்துக்குப் பிறகு வலது கையால் பிசைந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டு எழுந்த மாராத்தாள் பழக்கத்தில் சன்னல் பக்கம் போனாள்.

"தாயி, இங்க குடு."

அவள் திரும்பினாள். நிமிர்ந்திருந்த அந்தக் கையையே பார்த்தாள். பிறகு கிட்ட வந்து கடலையை வைத்தாள்.

"சூடா இருக்குதுங்ணா. இன்னொரு பிடி போடட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் போட்டாள். அதற்கு மேலும் ஒரு பிடி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செங்கோடன் தூரத்தில் போகும் வாளியைப் பார்த்தார்.

"இனி நான் யாருக்கு என்னத்தைங்க அம்மா குடுக்கறது?"

குரு அவர் கையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உரித்தார்.

"இப்பத்தானுங்களே மாராத்தாளுக்குக் குடுத்தீங்க."