ராஜாவைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோடு

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைக் கனகவேந்தர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நாடு பெரிசுதான். ஆனால் ராஜா நடமாடிய இடமோ ஒரு மாட்டுத் தொழுவத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்!

காரணம், அரண்மனைச் சோசியர் பூதலிங்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அரண்மனையைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொன்னார். "மகாராஜா, இதைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அந்த நிமிஷமே ஆயுள் முடியும்" என்றார். அதோடு நின்றாரா? ராஜா போகமுடியாத திருவிழாவுக்கெல்லாம் ராஜாவின் யானைமேல் இவரே போய்வந்தார். ராஜாவிடம் யாராவது இரண்டு வார்த்தை பேசினால் இவருக்கு வயிறு எரியும்.

கோடு அழியக் கூடாதென்று தினமும் விடியற்காலையில் பேச்சாயி என்பவள் பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போடுவாள். ராஜா தலையைக் குனிந்தபடியே நடப்பார். காலடியில் வெள்ளை தெரிந்தால் திரும்பிவிடுவார். பாவம், அதுதான் அவர் வாழ்க்கை.

அவருக்கு ஒரே மகள், செங்கமலம். வள்ளிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், காசநோயில் விழுந்தாள். "அப்பாவைப் பார்க்க வேண்டும்" என்று ஆள் அனுப்பினாள். ராஜா கோட்டுக்குள் நின்று அழுதார். இரண்டாம் முறையும் அனுப்பினாள். அப்போதும் அழுகைதான். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் மூன்றாவது ஆள் வந்தான்.

"மகாராஜா, இன்று தாங்குவது கஷ்டம் என்கிறார் வைத்தியர்."

ராஜா கோட்டுவரைக்கும் ஓடினார். வெள்ளையைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த நாகலிங்க மரத்தைக் கட்டிக்கொண்டு, "பெற்ற மகளைப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி நான்!" என்று கதறினார்.

"எல்லாம் கிரகம் செய்கிற வேலை" என்றார் சோசியர், உச்சுக்கொட்டி.

சுண்ணாம்புச் சட்டியோடு நின்ற பேச்சாயிக்குப் பொறுக்கவில்லை. "ராசா, நீங்க கட்டிப்பிடிச்சிருக்கிற மரம் முன்னெல்லாம் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ராஜா அண்ணாந்து பார்த்தார். "வெளியே... எட்டத்தில் இருந்தது."

"நாலு மாசமா தினம் ஒரு சாண் வெளிய தள்ளித்தான் கோடு போடுறேன். நீங்களும் தினம் பழைய கோடு இருந்த எடத்தைத் தாண்டித்தான் நடக்குறீங்க. அப்ப நாலு மாசமா செத்துப்போயா நடமாடுறீங்க?"

"ராஜத் துரோகம்!" என்று சோசியர் குதித்தார்.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்றார் ராஜா.

"ஒவ்வொரு சாணா உங்க மக வீட்டு வாசல் வரைக்கும் கோட்டைக் கொண்டுபோயிரலாம்னு பார்த்தேன் ராசா. அந்தப் புள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லியே."

ராஜா அவள் கையிலிருந்த சட்டியை வாங்கினார். சோசியரின் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "நான் வரும்வரை இதைத் தாண்டினால் உமக்கு ஆயுள் முடியும். இது கிரகம் சொன்னதில்லை, நான் சொல்வது" என்றார். பிறகு கோட்டை மிதித்துக்கொண்டு போய்க் குதிரையில் ஏறினார். வானம் இடிந்து விழவில்லை.

குதிரை மூன்றே நாழிகையில் வள்ளிக்குடி சேர்ந்தது. வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே செங்கமலத்தின் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

"இப்பதான் அடங்குச்சு. அதுவரைக்கும் வாசலையேதான் பார்த்துக்கிட்டிருந்தா" என்றாள் மாமியார்.

"இவ்வளவுதானா தூரம்?" என்று ராஜா கேட்டார். யாரிடம் கேட்டார் என்று அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை.

காரியமெல்லாம் முடித்துத் திரும்பியபோது சோசியர் வட்டத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தார். அவரை நாட்டைவிட்டே துரத்தினார் ராஜா. பேச்சாயிக்கு வீடும் நிலமும் எழுதிக்கொடுத்தார். கொடுத்த பிறகும் அவளைப் போகவிடாமல் நிறுத்தி, "நான் முதல் தடவை பழைய கோட்டைத் தாண்டிய அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா பேச்சாயி? என் மகளை உயிரோடு பார்த்திருப்பேனே!" என்றார்.

"தலைய எடுத்துருவீங்கன்னு பயந்தேன் ராசா" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

ராஜாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.