கத்தரிச் செடிக்கு அடித்த முரசு

வெகு காலத்துக்கு முன்னே மணலூர்ச் சீமையைச் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்க வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் அவனுக்கு உயிர். அரண்மனைத் தோட்டக்காரி சிட்டம்மை வளர்த்த கத்தரிச் செடியில் ஒரு நாள் பூச்சி அரித்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "என்னைக் கேட்காமல் என் செடியை எவன் தின்றான்?" என்று குதித்தான்.

ஆஸ்தான வைத்தியர் கைலாசத்துக்கு அந்தத் தோட்டத்தின் மேல் ரொம்ப நாளாய் ஒரு கண். மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டுமாம். "மகாராஜா, என் கஷாயத்தைத் தினமும் இலையில் தடவினால், பூச்சி கடித்துவிட்டதென்று செடி பயந்து கசந்துபோகும். ஒரு பூச்சி கிட்டே வராது" என்றார்.

ராஜாவின் உத்தரவுப்படி தினமும் தடவினார்கள். பூச்சி வரவில்லைதான். செடியும் வளரவில்லை. இரண்டு மாதமாகியும் சாண் உயரம், பூவுமில்லை பிஞ்சுமில்லை. "இவள் தண்ணீர் விடவில்லை" என்று வைத்தியர் கோள்மூட்ட, "நாளை மறுநாள் தோட்டத்தைக் காலி செய்" என்றுவிட்டான் ராஜா.

பதினெட்டு வருஷம் கொத்திய மண். சிட்டம்மைக்கு வயிறு எரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "உத்தரவு மகாராஜா. போகுமுன் நாளை ஒரு பொழுது போர்முரசை நான் அடிக்கலாமா?" என்றாள்.

"ஆசைப்படுகிறாய், அடித்துவிட்டுப் போ" என்று சிரித்தான் ராஜா.

முரசு கேட்டால் சமையற்காரன் முதல் தண்ணீர் சுமப்பவன் வரை கைவேலையைப் போட்டுவிட்டு ஈட்டியோடு மதிலேற வேண்டும் என்பது அங்கே கட்டளை. விடிந்ததும் அடித்தாள். எல்லோரும் ஏறினார்கள். எதிரியைக் காணோம். இறங்கி உலை வைத்தார்கள், மறுபடி அடித்தாள். உச்சிப்பொழுதுக்குள் ஐந்து தடவை ஏறி இறங்கியாயிற்று. அடுப்பில் பூனை படுத்திருந்தது.

ராஜா முரசு மேடைக்கே வந்துவிட்டான். "எதிரி எங்கே?"

"இல்லை மகாராஜா."

"சோறு எங்கே?"

"அதுவும் இல்லை. கரண்டி பிடிக்கிற கைதானே ஈட்டியும் பிடிக்கிறது? செடிக்கும் இதே கதைதான். இலைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தூதர்கள் உண்டு. பூச்சி கடித்தால் ஓடிப்போய், 'வளர்ந்தது போதும், நஞ்சு காய்ச்சு' என்பார்கள். ஆபத்து நீங்கினால், 'இனி வளரலாம்' என்பார்கள். வைத்தியர் ஐயா தினமும் பொய் முரசு அடித்தால் அது எப்போது வளரும்?"

"செடிக்குள் தூதர்களாம்" என்று வைத்தியர் சிரிக்கப் பார்த்தார். ராஜாவின் வயிறு கடமுடவென்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படியானால் முரசே வேண்டாமா?" என்றான் ராஜா.

"அதுவும் ஆகாது. பூச்சி மொட்டையடித்துவிடும். முரசைச் செடியிடமே விட்டுவிடுங்கள். இரண்டு இலை போகும், காய் நிற்கும்."

தோட்டம் அன்றே சிட்டம்மை பேருக்கு ஆனது. கஷாயம் நின்றது. செடிகள் தேறி, முதல் கத்தரிக்காய் ராஜாவின் இலையில் விழுந்த நாளில் ஒரு சாசனம் பிறந்தது: "செடிக்கு இரண்டு இலை பூச்சிகளுக்கு மானியம். அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று தினமும் குனிந்து பார்ப்பது வைத்தியர் கைலாசத்தின் உத்தியோகம்."

மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பாத்தி பாத்தியாக வந்தார். சிட்டம்மைக்கு மனசு குளிர்ந்தது. "கடைசிச் செடியில் ஓர் இலையைத்தான் தின்றிருக்கிறது ஐயா. நன்றாகப் பாருங்கள், பூச்சி கோபித்துக்கொள்ளப் போகிறது" என்றாள்.