மாலையில் பூ தீர்ந்த மாப்பிள்ளை

அசமந்தப்பாளையத்துக்கு இன்டர்நெட் வந்த அன்று, பெட்டி மாட்ட வந்தவரிடம் ஊரார் ஒரு சந்தேகம் கேட்டார்கள். சேதிக்கு எப்படி வழி தெரிகிறது?

"சேதிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. முக்குக்கு முக்கு ரூட்டர் இருக்கும். பக்கத்து ரூட்டர்கிட்டத் தூரம் கேட்டு, கிட்டத்து வழியில தள்ளிவிடும். ரொம்ப அலையற சேதியைத் தூக்கிப் போட்டுரும். அனுப்புனவங்க புதுசா ஒண்ணு அனுப்பிக்குவாங்க" என்றார் அவர்.

ஊர் சொக்கிப்போனது. மறுநாளே முக்குக்கு முக்கு ஆள் போட்டாயிற்று. கடைக்குப் போகிறவர்கூட மாலை போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒவ்வொரு முக்கிலும் ஒரு பூ பிய்ப்பார்கள். பூ தீர்ந்தால் ஆள் கழிவு.

இந்த ஏற்பாட்டில் மாட்டியது சென்னியப்பன், அதுவும் கல்யாணத்தன்று. வருஷக்கணக்காகப் பெண் கிடைக்காமல், ஒருவழியாகப் பூவாத்தாள் சம்மதித்திருந்தாள். முகூர்த்தம் தவறினால் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வேன் என்றும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஒவ்வொருத்தராகத்தான் போகவேண்டும் என்பது சட்டம். அம்மா வீட்டில் காத்திருக்க, மாப்பிள்ளை முதலில் கிளம்பினான். புளியமரத்து முக்கில் குப்பணன் பூவைப் பிய்த்து, ரைஸ்மில் முக்குக்குத் தள்ளிவிட்டான். அங்கே நின்ற நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான். மண்டபத்துக்குப் போகும் பாலம் காலையில்தான் இடிந்திருந்தது.

அவன் குப்பணனுக்குப் போன் போட்டான். "உங்கிட்டிருந்து மண்டபம் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு முக்கு."

"அப்ப உன் வழியாப் போனா எனக்கு மூணு. மாப்பிள்ளை, வந்த வழியே போங்க."

அந்த ரெண்டு முக்கு தூரமே நாச்சிமுத்து வழியாகத்தான் என்பது இருவருக்கும் ஞாபகமில்லை. சென்னியப்பன் திரும்பி வந்ததும் குப்பணன் யோசித்தான். "நாச்சிமுத்துக்கு மூணுன்னா எனக்கு நாலு. அவன்தான் கிட்ட. அங்கயே போங்க."

"அங்க நாலுன்னா எனக்கு அஞ்சு" என்று நாச்சிமுத்து திருப்பி அனுப்பினான்.

ஓடைக்கு அந்தப்பக்கம் மேளம் கேட்டது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். "ஓடையில கணுக்கால் தண்ணிதானுங்க. எறங்கி நடந்துரட்டுங்களா?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போற ஆளு வழி தேடலாமுங்களா மாப்பிள்ளை? அப்பறம் நாங்க எதுக்கு நிக்கறோம்?"

சொல்வது நியாயம் என்றே சென்னியப்பனுக்கும் பட்டது. இப்படிப் போய் வந்து, போய் வந்து, கழுத்தில் வெறும் நாரே மிஞ்சியது. குப்பைமேட்டில் துண்டு விரித்து, மாப்பிள்ளைக்குரிய மரியாதையோடு அவனைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு அவன் அம்மாவுக்குச் சேதி சொன்னார்கள்.

அவன் அழுதுகொண்டே வீடு வந்தான். அம்மா முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா கண்ணு! பழைய மாப்பிள்ளையத் தூக்கிப் போட்டுட்டாங்களாம். புதுசா ஒருத்தர அனுப்பச் சொல்றாங்க. இந்தா, மாலை."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடித்தது யோகம்! வாசலில் இறங்கியவன் நின்று கேட்டான்.

"அந்தப் பழைய மாப்பிள்ளை பாவம், அழுதிருப்பானாம்மா?"

"அழுதா அழுவட்டும். நீ வெரசாப் போ. அவன் எந்திரிச்சு வந்து தாலி கட்டிரப் போறான்!"

பழைய மாப்பிள்ளை பின்னால் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, புளியமரத்து முக்குக்கு ஓட்டம் பிடித்தான் சென்னியப்பன்.