புதுப் பாய்க்கு முதல் ஓட்டம்

விருந்தாளிகள் சவாரி போகும் சின்ன இரட்டைத் தோணிப் படகில், இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிய பாயைக் கட்டச் சொன்னார் விடுதி முதலாளி ஞானதுரை. அன்றைக்கென்று பேய்க்காற்று.

"கவுந்துரும் முதலாளி," என்றான் படகோட்டி ரொசாரி.

"கவிழாது. கட்டு, இல்லன்னா வேலையை விட்டுப் போ!"

ரொசாரி பழைய பாயைச் சுருட்டி மணலில் போட்டுவிட்டுப் பெரியதைக் கட்டினான். காற்றுக்கு முதலாளி, தொழிலாளி தெரியுமா? படகு கரையிலேயே ஒரு பக்கம் தூக்கியது. சவாரிக்குக் காத்திருந்த பிள்ளைகள் மிரண்டார்கள்.

"புதுப் பாய்க்கு முதல் ஓட்டம் படகுச் சொந்தக்காரருக்குத்தான். எங்க கடல் வழக்கம். ஏறுங்க முதலாளி."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஞானதுரை இரண்டடி பின்வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பழைய பாய் எங்கடா?"

"அது மேலதான் உட்கார்ந்திருக்கீங்க. எந்திரிச்சீங்கன்னா கட்டிருவேன்."