இருபத்துநாலு மணித்தியாலம்

"நான் எழுதினது சரி. ஏன் பிழையெண்டு புள்ளடி போட்டனீர்?"

கொப்பியை மேசையில எறிஞ்சுபோட்டுத்தான் கேட்டனான்.

நிரூபன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு நாப்பத்தெட்டு. கட்டிட மனேஜர் லைசன்ஸ் வகுப்பில எல்லாரும் அவனை மாஸ்ரர் எண்டு கூப்பிடுறவை. எனக்கு அந்தச் சொல் வாயில வரேல்லை. தம்பி எண்டுதான் கூப்பிடுறனான்.

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு, தம்பி. பக்கம் அறுபத்தொண்டு."

"ஓம் அக்கா. அப்பிடித்தான் கிடக்கு."

"அப்ப?"

அவன் அடுத்த ஆளின்ர கொப்பியை எடுத்தான்.

*

கேள்வி இதுதான்.

ஒரு வீட்டுக்குள்ள ராப்பகலா ரீவி சத்தம் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்யினம். நீங்கள் போய்த் தட்டுறியள். ஆரும் திறக்கேல்லை. கட்டிட மனேஜரா நீங்கள் என்ன செய்வியள்?

நாலு விடை தருவினம். சரியான விடை, எழுத்தில அறிவித்தல் குடுத்து, இருபத்துநாலு மணித்தியாலம் பொறுத்துத்தான் உள்ளுக்கை போகலாம். தண்ணி ஓடுது, நெருப்பு எண்டா உடன திறக்கலாம். சத்தம் அவசரம் இல்லை.

இதில விளங்காததுக்கு என்ன கிடக்கு?

முதல் நாலு கிழமையும் மாதிரிச் சோதினையில நான் இதைத்தான் எழுதினன். நாலு தரமும் புள்ளடி. அஞ்சாம் கிழமை வீம்புக்கு, உடன திறப்பன் எண்டு போட்டன். அதுக்கும் புள்ளடி. ஆறாம் கிழமை பொலிசைக் கூப்பிடுவன். ஏழாம் கிழமை ஒண்டும் செய்யமாட்டன்.

நாலு விடை. நாலுக்கும் புள்ளடி.

மற்றவைக்கும் அப்பிடித்தான். ஆனா அவை வாய் திறக்கமாட்டினம். கொப்பியை வாங்கிக்கொண்டு போய்க் காரில இருந்து முணுமுணுப்பினம். நான்தான் எழும்பி நிண்டு, சோதினைத்தாள் உம்மட அப்பரோ எழுதினவர் எண்டு கேட்டனான். கடைசி வரிசை வாங்கில இருந்த தவயோகன், அக்கா நீங்கள் அஞ்சாவதா ஒரு விடை எழுதிக் குடுங்கோ, மாஸ்ரர் அதுக்கும் ஒரு புள்ளடி வைச்சிருக்கிறார் எண்டான். எல்லாரும் சிரிச்சவை.

நிரூபன் சிரிக்கேல்லை.

*

எனக்கு இது பகிடி இல்லை.

பதினொரு வருசமா ஒரு கட்டிடத்தில குப்பை அள்ளி, பனி தள்ளி, அடைச்ச பைப்பு குத்தி வாறன். வேலையோட தந்த வீடு, அடித்தட்டில ரெண்டறை. இப்ப புதுக் கொம்பனி எடுத்திருக்கு. மார்ச்சுக்குள்ள லைசன்ஸ், இல்லையெண்டா சாவியைத் தா எண்டிட்டினம்.

ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் பெயில். கடைசியா ரெண்டு புள்ளியால.

மகள் அந்த வீட்டில இருந்துதான் படிக்கிறாள். சாவி விசயம் அவளுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.

ஏழாம் கிழமை எல்லாரும் போனாப்பிறகு நான் போகேல்லை. மேசைக்கு முன்னால போய் நிண்டன். இருந்த முழுக் கோவத்தையும் கொட்டினன். காசு வாங்கிக்கொண்டு பிழையாப் படிப்பிக்கிறாய் எண்டன். மனேஜர் வேலை பார்க்கத் துப்பில்லாமல்தான் படிப்பிக்க வந்தனீயோ எண்டும் கேட்டன்.

"ஒரு புள்ளி உமக்குச் சின்னன். எனக்கு அது கூரை."

அவன் என்ர கொப்பியை மூடி வைச்சான்.

"பின்னறையில பேனைப் பெட்டி இருக்கு," எண்டான். "எடுத்துத் தாங்கோ அக்கா."

*

எங்கட வகுப்பு பிளாசாவில, ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல. பின்னறைக்கு யன்னல் இல்லை. லைற் போட்டா ஒரு நிமிசத்தில தானா அணையும்.

பெட்டியைத் தேடிக்கொண்டு நிக்க, பின்னால கதவு சாத்துப்பட்டுது.

பேந்து தட்டுற சத்தம். மூண்டு தரம்.

எனக்கு விசர் வந்தது. நாப்பத்தெட்டு வயதுப் பொம்பிளையோட இவனுக்கு என்ன விளையாட்டு. தட்டடா எண்டு பேசாமல் நிண்டன்.

திரும்பவும் மூண்டு.

நான் மூச்சும் விடேல்லை.

கதவுக்குக் கீழால ஒரு பேப்பர் உள்ளுக்கை வந்தது.

குனிஞ்சு எடுத்தன். இங்கிலீசில அடிச்ச அறிவித்தல். நானே இப்பிடி நூறு ஒட்டியிருப்பன். வீட்டு இலக்கம் 609. சத்தம் பற்றி முறைப்பாடு வந்திருக்கு, நாளைக் காலமை பத்து மணிக்கு உள்ளுக்கை வருவம். கீழ நிரூபன்ர கையெழுத்து. மனேஜர் எண்டு போட்டிருந்தது. திகதி ஆறு வருசத்துக்கு முந்தினது.

பேப்பர் முழுக்கக் கசங்கல். ஆரோ நல்லா நசிச்சிருக்கினம், பேந்து வேற ஆரோ நீவி நீவி எடுத்திருக்கினம்.

லைற் அணைஞ்சுது.

"தம்பி," எண்டன்.

கீழ கொத்துரொட்டி கொத்தத் தொடங்கிட்டினம். இன்னும் உரத்துக் கூப்பிட்டன். மூண்டாந்தரம் கூப்பிடேக்க என்ர குரல் எனக்கே வேற ஆளின்ர குரல் மாதிரி இருந்தது.

சுவரைத் தடவிப் போய்க் கைபிடியைப் பிடிச்சன். பூட்டியிருக்கேல்லை.

கதவைத் திறக்க, அவன் நேர முன்னால நிண்டான். காதைக் கதவுப் பக்கம் சாய்ச்சுக்கொண்டு.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. கீழ கொத்துறாங்கள்."

நான் வெளிச்சத்துக்கு வந்தன்.

"நான் தட்டினது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"கோவம்."

தலையாட்டினான்.

"கோவத்தில பேசாமல் நிண்டாலும், கூப்பிட்டது கேக்காட்டிலும், வெளியில நிக்கிற எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கேல்லை. பேப்பரை அவன்ர நெஞ்சுக்கு நேர நீட்டினன்.

"இது என்ன, குப்பை வாளிக்குள்ள பொறுக்கினதோ?"

"இல்லை அக்கா. ஒரு மனுசன்ர கைக்குள்ள இருந்து எடுத்தது."

*

பேந்து நிரூபன் நடந்ததைச் சொன்னார். நான் இருந்து கேட்டன்.

609இல ஒரு மனுசன். எழுபத்திரண்டு வயது. தனிய. ரீவி ரெண்டு நாளா நிப்பாட்டாமல் ஓடுது எண்டு பக்கத்து வீட்டுக்காரி போன் எடுத்திருக்கிறா. நிரூபன் போய் மூண்டு தரம் தட்டினவர். திரும்பவும் மூண்டு. உள்ளுக்கை ரீவிச் சத்தம் மட்டும்தான். காலமை பத்து மணி. அறிவித்தலை எழுதி, கதவுக்குக் கீழால தள்ளிப்போட்டு வந்திட்டார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு, சாட்சிக்கு ஒராளையும் கூட்டிக்கொண்டு போனவர்.

கதவு முழுக்கத் திறபடேல்லை. பின்னால ஏதோ தடுத்தது.

குசினிக்குள்ள விழுந்து இடுப்பு முறிஞ்ச மனுசன். அங்கயிருந்து வாசல் வரைக்கும் நிலத்தோட அரைஞ்சு வந்திருக்கிறார். உயிர் போனது அண்டைக்கு விடியத்தான் எண்டு டொக்டர் சொன்னவராம்.

"அப்ப நீர் தட்டேக்க..."

"ஓம்."



"கூப்பிட்டிருப்பார்," எண்டார் நிரூபன். "ரீவி ஓடிக்கொண்டிருந்தது."

நான் வாய்க்காரி. எவனோடயும் கதைச்சு வெல்லுவன். அண்டைக்கு எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் ஒண்டுதான்.

"நீர் சட்டப்படிதானே செய்தனீர்."

"ஓம். விசாரிச்சவையும் அப்பிடித்தான் எழுதித் தந்தவை. என்னில ஒரு பிழையும் இல்லையாம்." பேப்பரை வாங்கி நாலா மடிச்சார். மடிப்பெல்லாம் பழைய மடிப்பு. "சரியாப் பத்து மணிக்குத் திறந்தனான், அக்கா. ஒரு நிமிசமும் முந்தேல்லை."

கீழ கொத்துச் சத்தம் நிண்டிட்டுது.

வீடு நினைவு வந்தது. மகள் நினைவு வந்தது. வெக்கமா இருந்தது, ஆனா கேக்காமல் போகேலாது.

"அப்ப சோதினையில நான் என்னத்தைப் போட?"

"புத்தகத்தில இருக்கிறதைப் போடுங்கோ. அதுதான் சரி."

"நீங்கள் புள்ளடி எல்லோ போடுறியள்."

என்ர கொப்பியை இழுத்தார். முதல் கிழமைத் தாளைத் திருப்பி, சிவப்புப் பேனையை எடுத்தார். புள்ளடிக்குப் பக்கத்தில பேனையை வைச்சார். ஒரு கோடு இழுத்தாச் சரி எண்டு அடையாளம். வேற ஒண்டுமில்லை.

நான் பார்த்துக்கொண்டு நிண்டன்.

மூடியைப் போட்டுப் பேனையை மேசையில வைச்சார்.

"எனக்கு வருகுதில்லை அக்கா."

*

சோதினை மாசி மாதம். கொம்பியூட்டரில.

நாப்பத்தோராவது கேள்வி. அதே ரீவி. அதே கதவு.

ஒரு கேள்விக்கு ஒண்டரை நிமிசம்தான். நான் அதில ஆறு நிமிசம் இருந்தன். பக்கத்தில எழுதின பெடிச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேற்பார்வைக்கு நிண்ட மனுசி வந்து, சுகமில்லையோ எண்டு கேட்டா.

இல்லை எண்டன்.

அழுத்தினன். அடுத்த கேள்விக்குப் போனன்.

*

பாஸ். வேண்டியதை விட ஒரு புள்ளி கூட.

லைசன்ஸ் கடிதத்தைக் கொண்டுபோய் மேசையில வைச்சன். இந்த முறை எறியேல்லை. அவர் அதை வாசிக்கேல்லை. வீடு மிஞ்சிச்சுதோ எண்டு கேட்டார். மிஞ்சிச்சுது எண்டன்.

கொஞ்ச நேரம் கடிதத்தின்ர ஓரத்தை நீவிக்கொண்டு இருந்தார்.

"அந்தக் கேள்வி வந்ததோ?"

"வந்தது, மாஸ்ரர்."

"என்ன போட்டனீங்கள்?"

"இருபத்துநாலு மணித்தியாலம்."

கடிதத்தை என்னட்டைத் திருப்பித் தந்தார்.

"நானும் அதைத்தான் போட்டனான்."